டைனமோவில ஓடுமோ?

நாலு பேர் சேர்ந்து சேர்த்த காசு 18,000 ரூபா. 2022 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அந்தக் காசை வைத்துக்கொண்டு எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வியைத்தான் மூன்று மாதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தோம்: "எந்த போர்ட் நல்லது?" ராஸ்பெரி பையா, ஆர்டுயினோவா, ஈ.எஸ்.பி. 32 ஆ? ஒருவர் ஒரு யூரியூப் இணைப்பைப் போடுவார். மற்றவர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிற இன்னொன்றைப் போடுவார். விடிந்தால் டொலர் விலை ஏறியிருக்கும், நேற்றுப் பேசிய கணக்கெல்லாம் வீண்.

இப்போது அமெச்சூர் வானொலிப் பக்கம் வர நினைக்கிற தம்பி தங்கச்சிமார் எங்களிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கினம். பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வியே பிழை என்று எங்களுக்கு விளங்க ஒரு வருசம் எடுத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், எங்களுக்கு ஏன் இந்த ஆசை வந்தது? அந்த வருசம் மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் எங்கட பக்கத்துக் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும். ஃபோனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறையும். வெளிநாட்டில் இருக்கிற ஆக்களோடு மட்டுமில்லை, அடுத்த ஒழுங்கையில் இருக்கிறவரோடும் கதைக்கேலாது. "உண்மையா ஒரு பெரிய புயல் அடிச்சா என்ன செய்யிறது?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

பதில் வைத்திருந்தவர் நல்லூரில் இருக்கிற ஒரு அங்கிள். கொழும்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவர், அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் உள்ளவர். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அந்த நாளில் பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் வானொலிக்காரர் ஒரு வானொலிப் பயணத்துக்காக அந்தமானில், போர்ட் பிளேயரில் இருந்தார். பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகள்தான் தொலைபேசி அறுந்த தீவுகளிலிருந்து வெளியே செய்தி அனுப்ப உதவின. "அவ அங்க போனது ஆபத்துக்கு உதவ எண்டு இல்லை, பிள்ளையள். ஆனா கருவி கையில இருந்தது, பாவிக்கத் தெரிஞ்சிருந்தது. அவ்வளவுதான் விசயம்" என்றார் அங்கிள்.

எங்களுக்கு அவர் தந்த முதல் வேலை கேட்பது. "முதல்ல கேளுங்கோ. கதைக்கிறது பிறகு. அனுப்புறதுக்கு லைசன்ஸ் வேணும், சோதினை எழுத வேணும். அதுவரைக்கும் அனுப்புறது எல்லாம் இங்க, என்ர வீட்டில, என்ர கண்ணுக்கு முன்னால மட்டும்." தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் ஒரு மில்லிவாற்றுக் கூட வெளியே போகக்கூடாது என்பதில் அவர் கடும் கண்டிப்பு. ஏன் என்று பிறகு விளங்கியது.

அவர் காட்டிய விளையாட்டின் பெயர் விஸ்பர். பெயருக்கேற்றபடி குசுகுசுப்புத்தான். 2008 இல் வெளியானது. உருவாக்கியவர் ஜோ ரெய்லர், பௌதிகவியலுக்காக 1993 இல் நோபல் பரிசு பெற்ற வானியலாளர். ஒரு சின்னக் கருவி இரட்டைப்படை நிமிடம் தொடங்கி ஒரு செக்கனில் ஒலிபரப்பை ஆரம்பிக்கும். 110.6 செக்கனுக்கு மிக மெல்லிய சமிக்ஞை ஒன்றை அனுப்பும். அதில் மூன்றே விசயம்தான்: அழைப்புக்குறி, இருக்கிற இடத்தின் கட்டம், எவ்வளவு வலுவில் அனுப்புகிறது. உலகத்தில் எங்கேயாவது ஒரு கணினி அதைக் கேட்டால் இணையத்தில் பதிந்துவிடும். காதுக்குக் கேட்காத அளவுக்கு இரைச்சலுக்குள் புதைந்திருந்தாலும் கணினி தோண்டி எடுக்கும். ஆபத்து நேரத்தில் இதால் ஒரு உயிரையும் காப்பாற்றேலாது, அதை முதலே சொல்லிவிடுகிறோம். ஆனால் எந்த நேரத்தில் எந்த மீடிறன் எங்கே போகும், எங்கட அன்ரனா எவ்வளவு நல்லது என்று படிக்க இதைவிட மலிவான வாத்தியார் இல்லை.

சரி, போர்ட்டுக்கு வருவோம்.

நாங்கள் மனதில் வைத்திருந்தது ராஸ்பெரி பை 4. நாலு கோர், லினக்ஸ், திரை பூட்டலாம், எல்லாம் செய்யலாம். ஆனால் அந்த வருசம் உலகம் முழுக்கப் பைக்குத் தட்டுப்பாடு. 2019 இல் 35 டொலரில் தொடங்கின சாமானுக்கு இங்கே அறுபதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். கடைசியில் கம்பஸ் முடித்த ஒரு அண்ணாவிடம் பாவித்த பை 3 ஒன்றை 12,000 ரூபாவுக்கு வாங்கினோம். அங்கிளின் பழைய வாங்கியிலிருந்து வருகிற சத்தத்தை ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் காட் ஊடாகப் பைக்குக் கொடுத்து, விஸ்பர் சமிக்ஞைகளைப் பிரித்தெடுத்தோம். முதல் நாளே திரையில் வரிசை வரிசையாக அழைப்புக்குறிகள். பெரிய சந்தோசம். அது கரண்ட் இருந்த நாள்.

கரண்ட் போன இரவு வேறு கதை. வாங்கியையும் பையையும் 12 வோல்ற்று பற்றரியில் போட்டிருந்தோம். ஏழரை மணிக்கு முழு ஊரும் இருண்டது. அப்போது ஒன்று நடந்தது. 7 மெகாஹேர்ட்ஸில் எப்போதும் இருக்கிற இரைச்சல் பாதிக்கு மேல் இல்லாமல் போனது. எல்.ஈ.டி. பல்புகள், ஃபோன் சார்ஜர்கள், ரீ.வி. பெட்டிகள் எல்லாம் சேர்ந்து வானலையில் போட்டுக்கொண்டிருந்த சத்தம் அது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனால் இன்னும் ஒரு "ஙீ…" என்ற சத்தம் மிஞ்சியிருந்தது. எங்கே இருந்து என்று தேடினோம். பக்கத்து வீடா? இல்லை. பையின் வயரைக் கழற்றினோம். சத்தம் நின்றது. 12 வோல்ற்றை 5 ஆக இறக்க நாங்கள் வாங்கின மலிவான கார் சார்ஜரும், அதற்குப் பின்னால் பையும். ஊரே அமைதி, எங்கட பெட்டிதான் கத்திக்கொண்டிருந்திருக்கு.

அதைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இருட்டில் வெறும் காதால் கேட்டோம். ஒரு இந்தோனேசியக் குரல், இன்னொன்றின் மேல் ஏறி இறங்கி வந்தது. என்ன சொல்கிறார் என்று ஒண்டும் விளங்கேல்லை. ஆனாலும் நாலு பேரும் அசையாமல் இருந்தோம். மின்வெட்டை வாழ்க்கையில் முதல் தடவை வாழ்த்தினது அன்றைக்குத்தான்.

அடுத்தடுத்த கிழமைகளில் பை எங்களுக்கு இன்னும் இரண்டு பாடம் எடுத்தது. ஒன்று, அதற்குள் மணிக்கூடு இல்லை. கரண்ட் போய் ரவுட்டரும் நின்றால், திரும்ப எழும்பும்போது அதற்கு நேரம் தெரியாது. கடைசியாக நின்ற நேரத்திலிருந்து தொடங்கும். செக்கன் கணக்கில் ஓடுகிற விஸ்பருக்கு அந்தப் பிழை போதும், ஒரு சமிக்ஞையும் பிரியாது. மற்றது, அதை ஒழுங்காக நிறுத்தாமல் கரண்டைப் பறித்தால் எஸ்.டி. காட் பழுதாகலாம். பற்றரி இறங்கி மூன்றாவது தடவை பை திடீரென்று நின்றபோது காட் போய்விட்டது. ஒரு மாதப் பதிவுகளும் அதோடு போய்விட்டன. பிரதி எடுத்து வைக்காதது எங்கட பிழைதான். ஆனால் நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகிற ஊரில் இப்படியொரு கருவியை இரவு பகலாக ஓடவிட நினைத்ததும் எங்கட பிழைதான்.

அந்த வாரம் எங்களில் ஒருத்தியின் வீட்டு முற்றத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தபோது அவளின் அம்மம்மா வந்து பார்த்தா.

"உது என்ன செய்யும்?"

"றேடியோவோட சேர்த்துப் பூட்டுறது, அம்மம்மா. தூரத்தில இருந்து வாறதைப் பிரிச்சுச் சொல்லும்."

"கரண்ட் இல்லாட்டி?"

"பற்றரி."

"பற்றரி முடிஞ்சா?"

நாங்கள் பேசவில்லை. அம்மம்மா சிரித்தா. "டைனமோவில ஓடுமோ?"

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக்காலம். கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்த சாமான்களில் ஒன்று. வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி, ஒருத்தர் பெடலைக் கையால் சுத்த, டைனமோவிலிருந்து வருகிற கரண்டில் றேடியோ பாட, சுத்தி இருந்து தமிழோசை கேட்பது. சுத்துகிறவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் சோரும் என்று அம்மம்மா சொல்லிச் சிரித்தா. "சண்டை எங்க நடக்குது, எந்தப் பக்கம் ஓட வேணும் எண்டு அதில கேட்டுத்தான் நாங்கள் முடிவெடுத்தது."

நாங்களும் சேர்ந்து சிரித்தோம். பிறகு ஒருவன் பேனாவை எடுத்துக் கணக்குப் பார்த்தான். சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. எங்கட பை வேலை செய்யும்போது கேட்பது கிட்டத்தட்ட அந்த முழு 3 வாற்றையும், சில நேரம் அதற்கு மேலும். அதாவது அம்மம்மாவின் றேடியோவுக்கு ஒரு மூலையில் கிடந்து போதுமாயிருந்த கரண்ட், எங்கட கருவிக்கு உயிரோடு இருப்பதற்கே காணாது.

அன்றைக்குத்தான் கேள்வி திரும்பியது. "எந்த போர்ட் நல்லது?" என்று கேட்பதை விட்டுவிட்டு மூன்று கேள்வி எழுதினோம். இந்த வேலை எப்போதும் ஓட வேண்டியதா, தேவைப்படும்போது எழுப்பினால் போதுமா? கரண்ட் திடீரென்று போய் வந்தால் தானாக எழும்பி வேலையைத் தொடருமா? செத்துப்போனால் எங்கட காசுக்கு இன்னொன்று வாங்கலாமா?

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு பார்த்தபோது படம் மாறிவிட்டது. கேட்டுப் பிரித்தெடுக்கிற வேலைக்கு உண்மையான கணினி வேண்டும். அதைப் பையோ வீட்டில் கிடக்கிற பழைய லப்டொப்போ செய்யட்டும், தேவைப்படும்போது எழுப்பலாம். ஆனால் விஸ்பர் அனுப்புகிற வேலைக்குக் கணினியே தேவையில்லை. அழைப்புக்குறியும் இடமும் வலுவும் மாறாதவை. ஆகவே முழுச் செய்தியும் 0 முதல் 3 வரையான 162 எண்களின் ஒரு வரிசைதான். அதை ஒருமுறை லப்டொப்பில் கணக்கிட்டு எழுதி வைத்தால், சின்ன போர்ட் ஒன்று நேரம் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தால் போதும்.

அந்த வேலைக்கு மூன்றைப் பரீட்சித்தோம்.

ஆர்டுயினோ ஊனோ: 16 மெகாஹேர்ட்ஸ், 2 கிலோபைட் ராம். கிழட்டு மாடு, ஆனால் நம்பலாம். கரண்ட் வந்த உடனே எழும்பும், பழுதாக எஸ்.டி. காட் இல்லை. ஆனால் ஆசைப்பட்டு ஒரு சின்ன ஓலெட் திரை பூட்டினோம். 128 க்கு 64 புள்ளித் திரையின் படத்தை வைத்திருக்க மட்டும் 1 கிலோபைட், இருக்கிறதில் சரிபாதி. ஜி.பி.எஸ். வாசிக்கிற நிரலையும் சேர்த்ததும் மூச்சு முட்டியது. திரையை விட்டால் ஊனோவே போதும், இதை ஒளிக்காமல் சொல்கிறோம். உங்களிடம் ஒன்று கிடந்தால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

ஈ.எஸ்.பி. 32: இரண்டு கோர், 240 மெகாஹேர்ட்ஸ், வைஃபை உள்ளேயே இருக்கு. இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்பதால் ஜி.பி.எஸ். தேவையில்லை என்று நினைத்தோம். ஆனால் எங்கட முழுக் கதையே இணையம் இல்லாத நேரத்தைப் பற்றியது. வைஃபையை நிறுத்தி வைத்தால் அதை வாங்கியதில் என்ன பயன்? இன்னொரு வேலைக்கு அது அருமையான சாமான், இதற்கில்லை.

ராஸ்பெரி பை பைக்கோ: பெயரில்தான் பை. உள்ளே லினக்ஸும் இல்லை, காட்டும் இல்லை. 2021 ஜனவரியில் 4 டொலருக்கு வந்தது. இரண்டு கோர், 133 மெகாஹேர்ட்ஸ், 264 கிலோபைட் ராம். ஊனோவோடு பார்த்தால் மாளிகை. கரண்டும் ஊனோவை விடக் குறையக் குடித்தது. முதலாவது பைக்கோவை நாங்கள் 20 நிமிடத்தில் கொன்றோம். அதன் கால்கள் 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. ஊனோப் பழக்கத்தில் 5 வோல்ற்று வயரைக் கொண்டுபோய் வைத்தோம். ஒரு சின்ன மணம், அவ்வளவுதான். ஆனால் பை 4 ஒன்றை அப்படிக் கொன்றிருந்தால் எங்கட குழுவே கலைந்திருக்கும். பைக்கோ செத்ததுக்கு ஒருத்தரை ஒருத்தர் ஏசிவிட்டு அடுத்த கிழமை இன்னொன்று வாங்கினோம். பழகுகிற ஆக்களுக்கு மலிவு என்பது வெறும் விலை இல்லை, பிழை விடுவதற்கான சுதந்திரமும் அதற்குள் இருக்கு.

பைக்கோவோடு ஒரு ஜி.பி.எஸ். துண்டு, நேரத்துக்கும் இடத்துக்கும். மீடிறனை உண்டாக்க எஸ்.ஐ. 5351 என்ற சின்னச் சில்லு. 200 மில்லிவாற்றுக்குக் கொண்டுவர ஒரு திரான்சிஸ்ரர். இந்தச் சில்லு சதுர அலை உண்டாக்குவதால் கேட்ட மீடிறனோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்குகளும் வெளியே வரும். ஆகவே வடிகட்டி கட்டாயம். "வடிகட்டி இல்லாம அன்ரனாவைத் தொடக்கூடாது" என்று அங்கிள் மேசையில் எழுதியே ஒட்டிவிட்டார். மின்விசிறிக் காற்றுப் பட்டாலே சில்லின் கிறிஸ்டல் குளிர்ந்து மீடிறன் நகரும். றிஜிபோம் துண்டு ஒன்றைக் குடைந்து மூடிவிட்டோம்.

எல்லாம் சேர்த்து சராசரியாக 0.6 வாற்று அளவில். 12 வோல்ற்று, 7 அம்பியர் மணிப் பற்றரி ஒன்றில் பாதியை மட்டும் பாவித்தாலும், வழியில் வீணாகிறதைக் கழித்து இரண்டரை நாள் ஓடும்.

மிஞ்சினது அன்ரனா. 14 மெகாஹேர்ட்ஸுக்கு 10 மீற்றர் வயர் போதும். அங்கிள் வீட்டு மாமரத்துக்கும் தண்ணித் தாங்கிக்கும் இடையில் கட்டினோம். அன்றைக்குப் பின்னேரம் எங்களில் ஒருவனின் அம்மா வந்து வாசலில் நின்றபடி மேலே பார்த்தா. "உதைக் கழட்டுங்கோ." ஏன் என்று கேட்டோம். "கழட்டுங்கோ எண்டுறன்." அவவின் குரல் நடுங்கியது. வீட்டுக்கு மேலே இழுத்த ஒரு வயருக்காக, கையில் இருந்த ஒரு கருவிக்காக, விசாரணை என்று கூட்டிக்கொண்டு போகக்கூடிய காலத்தைக் கண்ட ஆள் அவ. எங்களுக்கு அது பொழுதுபோக்குக் கம்பி. அவவுக்கு அது வேறு.

அங்கிள் வாதாடவில்லை. உள்ளே போய் அனுமதிப்பத்திரத்தை எடுத்துவந்து அவவின் கையில் கொடுத்து முழுக்க வாசிக்கவிட்டார். பிறகு அதன் பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கருவிக்கு மேலே தொங்கவிட்டார். கிராம சேவகரிடமும் ஒரு சொல் சொல்லி வைத்தார். அவர் ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அம்மா முழுக்கச் சமாதானமாகவில்லை. "சரி, உங்களுக்குச் சட்டம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா.

2023 ஜனவரியில் ஒரு பகல், கரண்ட் இல்லாத நேரம், அங்கிள் தானே ஆழியைப் போட்டார். பைக்கோவின் சின்ன விளக்கு மினுங்கியது. ஜி.பி.எஸ். நேரத்தைப் பிடித்தது. இரட்டை நிமிடம் வந்ததும் 110 செக்கன் ஓடி நின்றது. ஒரு சத்தமும் இல்லை, ஒன்றும் நடந்தது மாதிரியே இல்லை. பின்னேரம் கரண்ட் வந்த பிறகுதான் இணையத்தில் பார்த்தோம். ஒரே ஒரு வரி. மேற்கு அவுஸ்திரேலியாவில், பேர்த் பக்கத்தில் ஒரு நிலையம் கேட்டிருந்தது. கிட்டத்தட்ட 6,000 கிலோமீற்றர். அங்கிளின் அழைப்புக்குறி, அதற்குப் பக்கத்தில் என்.ஜே.09.

என்.ஜே.09 தான் எங்கட கட்டம். உலகத்தைச் சதுரங்களாகப் பிரித்த வரைபடத்தில் 80 பாகை கிழக்குக் கோடு யாழ்ப்பாணக் கோட்டைக்குச் சற்று மேற்கே போகிறது. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போனால் கட்டம் எம்.ஜே.99 ஆகிவிடும். பிறந்ததிலிருந்து அந்தப் பாலத்தால் போய்வருகிறோம், இப்படியொரு கோடு இருக்கென்று தெரியாது.

பெப்ரவரியில் ஒரு நாள் அம்மம்மாவின் கேள்விக்கும் பதில் பார்த்தோம். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லோர் வீட்டிலும் சைக்கிள் திரும்ப வந்திருந்தது. ஒரு பழைய டைனமோ, நாலு டயோட், ஒரு கொள்ளளவி, 5 வோல்ற்றுக்கு ஒரு சீராக்கி. சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி மாறி மாறிச் சுத்தினோம். அன்ரனா பூட்டவில்லை, வெறும் சோதினைதான். ஜி.பி.எஸ். நேரம் பிடிக்கும்வரை சுத்தவே கை வலித்தது. நேரம் பிடித்ததும் சொன்ன நிமிடத்தில் விளக்கு எரிந்தது.

"ஓடுது" என்றா அம்மம்மா. "இது என்னெண்டு சொல்லும்?"

"நாங்கள் இந்த இடத்தில இருக்கிறம் எண்டு."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தா. "அப்ப எங்களுக்குக் கேக்க மட்டும்தான் ஏலும். சொல்லேலாது."

எங்களில் இரண்டு பேர் இப்போது சோதினைக்குப் படிக்கினம். பை 3 புதுக் காட்டோடு மேசையில் இருக்கு, தேவைப்படும்போது எழுப்புகிறோம். பைக்கோ மாமரத்தடி அறையில் ஓடிக்கொண்டே இருக்கு. ஆகவே "எந்த போர்ட் வாங்கலாம்?" என்று கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: அது எப்போதும் விழித்திருக்க வேண்டுமா, கரண்ட் போனால் தானாக எழும்புமா, செத்தால் உங்களால் இன்னொன்று வாங்கேலுமா என்று முதலில் எழுதிப் பாருங்கோ. எழுதினதை உங்கட அம்மம்மாவிடமும் ஒருக்கால் காட்டுங்கோ. கம்பி கட்டுவதற்கு முதல் அம்மாவிடமும் சொல்லுங்கோ.